வளர்ப்புப் பாம்புக்கு நம்ம மேல பாசம் வருமா, கையில எடுத்தா பொறுத்துக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இங்கிலாந்துல இருக்கேன், வீட்ல ஒரு கார்ன் ஸ்நேக்கும் (அமெரிக்கப் பாம்பு) ஒரு பால் பைத்தானும் (ball python, பந்து மாதிரி சுருண்டுக்கற ஆப்பிரிக்க மலைப்பாம்பு) வளக்குறேன், ரெண்டுமே விஷம் இல்லாதது. ஊர்ல இருந்து போன் பண்ற சொந்தக்காரங்க, கூட வேலை பாக்கறவங்க, புதுசா பாம்பு வாங்கினவங்க எல்லாரும் சுத்தி சுத்தி கேக்கறது ஒரே விஷயம்தான், அதுக்கு உங்கள புடிக்குமா, கையில எடுத்தா சும்மா இருக்குமா. அதான் எல்லாத்தையும் சேத்து எழுதிட்டேன். இதுல சொல்றது பூரா விஷமில்லாத (ஹாக்நோஸ்னு ஒண்ணுக்கு மட்டும் லேசான விஷம் உண்டு, அத கீழ சொல்றேன்), பெட் ஷாப்லயும் பிரீடர் கிட்டயும் கிடைக்கிற பாம்புங்களுக்குத்தான். விஷப்பாம்ப கையில எடுத்து பழக்கறதுன்னு ஒரு விஷயமே கிடையாது.

சுருக்கமா சொல்லுங்க, பாம்புக்கு பாசம் இருக்கா இல்லையா?

நாய்க்கு இருக்கற மாதிரி பாசம் இல்ல. வாசல்ல வந்து நிக்காது, நீங்க ஊருக்குப் போனா ஏங்காது, கொஞ்சணும்னு எதிர்பாக்காது. ஆனா பழகும். பழகறதுன்னா, இந்த வாசனை வந்தா, இந்தக் கை வந்தா நமக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சுக்கிட்டு ஓடாம, சீறாம, சுருண்டுக்காம இருக்கறது. காட்டுல ஒரு பாம்ப பெருசா ஏதாவது வந்து மேல தூக்குச்சுன்னா அது பருந்தோ நரியோதான், அடுத்த நிமிஷம் உயிர் போயிடும். அப்படிப்பட்ட பயத்தோட பொறந்த ஒரு உயிர் உங்க கையில உடம்ப தளர்த்தி விட்டுட்டு நிதானமா ஊர்ந்து போகுதுன்னா அத நான் ரொம்ப பெருசாத்தான் நெனைக்கிறேன். அத பாசம்னு சொல்லலன்னா மதிப்பு கொறஞ்சிடுமா என்ன.

சரி, என்னை அடையாளமாவது தெரியுமா?

முகத்த பாத்து இல்ல, வாசனைய வெச்சு தெரியும்னு சொல்லலாம். பாம்பு நாக்கை நீட்டி நீட்டி இழுக்குதே, அது காத்துல இருக்கற வாசனைத் துகள எடுத்துட்டுப் போய் வாய்க்கு மேல் அண்ணத்துல இருக்கற ஜேக்கப்சன் உறுப்புல குடுக்குது. நாக்கு ரெண்டா பிரிஞ்சிருக்கறதால எந்தப் பக்கம் வாசனை ஜாஸ்தின்னு கூட கணக்குப் போட்டுக்கும். அதனால தினமும் தண்ணி மாத்தற கை எது, புதுக்கை எதுன்னு அதுக்கு வித்தியாசம் புரியறதுல ஆச்சரியமே இல்ல.

என் கார்ன் ஸ்நேக் கிட்ட நான் கைய நீட்டினா மணிக்கட்டுல ரெண்டு மூணு தடவை நாக்கை நீட்டி பாத்துட்டு அப்படியே முழங்கை பக்கம் ஏற ஆரம்பிச்சுடும். அதே இடத்துல விருந்தாளி கை வந்தா தலைய கொஞ்சம் பின்னால இழுத்துக்கிட்டு, நாக்கை வெளிய நீட்டினபடியே மேலயும் கீழயும் மெதுவா ஆட்டிக்கிட்டு ரொம்ப நேரம் நிக்கும், அப்புறம்தான் வரலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணும். அதனால நான் புதுசா ஏதும் சென்ட், ஹேண்ட் க்ரீம் போட்டா அன்னைக்கு பாம்ப எடுக்க மாட்டேன், கை கழுவற சோப்பையும் மாத்தறதில்ல. சின்ன விஷயம்தான், ஆனா அதோட பக்கத்துல இருந்து பாத்தா ஆளே மாறின மாதிரி.

பாம்புக்கு மூளையே சின்னது, உணர்ச்சியே கிடையாதுன்னு சொல்றாங்களே?

இது கொஞ்சம் பழைய பேச்சு. ஆராய்ச்சியாளர்கள் பாம்புக்குத் தகுந்த மாதிரி சோதனை வெக்க ஆரம்பிச்ச பிறகு நிறைய மாறிடுச்சு. 1999ல அமெரிக்காவுல ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்துல டேவிட் ஹோல்ட்ஸ்மேன்னு ஒருத்தர் கார்ன் ஸ்நேக்க ஒரு திறந்த தொட்டியில விட்டு, தரையில இருக்கற ஓட்டைங்கள்ல ஒண்ணு மட்டும் தப்பிக்கற வழின்னு வெச்சு பாத்தாரு, பாம்பு பழகப் பழக அந்த ஓட்டைய சீக்கிரமா கண்டுபுடிச்சுச்சு. ஆக கத்துக்கும், ஞாபகம் வெச்சுக்கும்.

2020ல கனடாவுல வில்ஃப்ரிட் லாரியர் பல்கலைக்கழகத்துல கார்ட்டர்னு ஒரு வட அமெரிக்கப் பாம்போட குட்டிங்கள சேத்து வெச்சு, அடிக்கடி இடம் கலைச்சு கலைச்சு விட்டுப் பாத்தாங்க, ஒவ்வொண்ணும் குறிப்பிட்ட சில பாம்புங்க கூடவே திரும்பப் போய் சேந்துக்கிச்சு. 2023ல கலிஃபோர்னியாவுல லோமா லிண்டா பல்கலைக்கழகத்துல ராட்டில் ஸ்நேக்குங்கள, அதாவது வால கிலுகிலுன்னு ஆட்டற விஷப்பாம்புங்கள, ஆட்டி அலைக்கழிச்சு இதயத்துடிப்ப அளந்தாங்க, பக்கத்துல இன்னொரு பாம்பு இருந்தா துடிப்பு அவ்வளவா ஏறல. தென்னாப்பிரிக்காவுல மலைப்பாம்பு தாய் முட்டைய சுத்தி அடைகாக்கறதோட நிக்காம குட்டி பொரிஞ்ச பிறகும் ரெண்டு வாரம் போல அதுங்க கூடவே பொந்துல தங்குதுன்னு கிரஹாம் அலெக்ஸாண்டர் 2018ல எழுதினாரு.

ஆனா ஒண்ணு கவனிங்க, இதெல்லாம் பாம்புக்கும் பாம்புக்கும் நடுவுல. மனுஷன் மேல பாசம் வெக்குதுன்னு இதுல எதுவும் சொல்லல. பாம்பு வெறும் ஜடம் இல்லன்னு மட்டும் உறுதியா சொல்லலாம், அதுக்கு பயம் உண்டு, நிம்மதி உண்டு, இந்த எடம் புடிக்கும் அந்த எடம் புடிக்காதுங்கறது உண்டு. நாம பொறுப்பா நடந்துக்க அது போதும்.

என் பைத்தான் கழுத்துல சுத்திக்குது, சட்டைக்குள்ள போய் படுத்துக்குது, இது பாசம் இல்லையா?

சூடு. பால் பைத்தானுக்கு கூண்டுல சூடான மூலை 31ல இருந்து 33 டிகிரி செல்சியஸ் வேணும், நம்ம தோலும் கிட்டத்தட்ட அந்த சூடுதான். அதோட மேல் உதட்டு ஓரமா வரிசையா குழி குழியா இருக்கும் பாருங்க, அது வெப்பத்த உணர்ற குழி, இருட்டுல எலிய கண்டுபுடிக்க இருக்கறது. நீங்க அதுக்கு நடந்து வர்ற ஒரு கதகதப்பு. அக்குளு, சட்டைக்கை, தலைமுடி எல்லாம் கதகதப்பா இருட்டா நெருக்கமா இருக்கறதால அங்கதான் போய் அடங்கும், ஏன்னா உடம்பு நாலா பக்கமும் ஏதாவது மேல ஒட்டிக்கிட்டு இருந்தாதான் பாம்புக்கு பாதுகாப்பா தோணும். கைய இறுக்கி சுத்தறது கட்டிப்புடிக்கறது இல்ல, கீழ விழாம இருக்க புடிமானம். நீங்க எழுந்து நடந்தா ஒவ்வொரு அடிக்கும் அந்தப் புடி லேசா இறுகி தளர்றது கைக்கே தெரியும்.

அதுக்காக மனச விட்டுடாதீங்க. சூடு தேடி வர்ற பாம்பு கூட பயமா இருந்தா வராது, கூண்டுலயே வேற சூடான மூலை இருக்கும்போது கதவ தொறந்து வெச்சா அதுவா வந்து உங்க கையில ஏறுதுன்னா அது அதோட விருப்பம். நான் முடிஞ்சவரைக்கும் தூக்கறதுக்கு பதிலா கதவ தொறந்து வெச்சு காத்திருப்பேன். வரலன்னா அன்னைக்கு வேண்டாம்.

ஒரு அம்மாவோட மலைப்பாம்பு ராத்திரி பக்கத்துல நேரா நீட்டி படுத்துச்சாம், டாக்டர் உங்கள முழுங்க அளவு எடுக்குதுன்னாராம், உண்மையா?

வாட்ஸ்அப்ல வருஷா வருஷம் சுத்தற கட்டுக்கதை. எந்தப் பாம்பும் அளவு எடுக்காது. மலைப்பாம்பு பதுங்கி இருந்து சட்டுனு புடிக்கற வேட்டைக்காரன், பக்கத்துல போய் நீட்டி படுத்து கணக்குப் போட்டா அதுக்குள்ள எர ஓடிடும். பாம்பு நீட்டி படுக்கறதுக்கு காரணம் சூடு ஜாஸ்தியா இருக்கலாம், இல்ல சும்மா உடம்ப நீட்டுது. இங்கிலாந்துல லிங்கன் பல்கலைக்கழகத்துல கார்ன் ஸ்நேக்க வெச்சு செஞ்ச ஆராய்ச்சியிலயே உடம்ப முழுசா நீட்டற அளவு இடம் இருக்கற பெரிய கூண்டதான் பாம்புங்க விரும்புதுன்னு வந்துச்சு. கூண்டு நீளம் பாம்போட நீளத்த விட கம்மியா இருந்தா முதல்ல அத மாத்துங்க.

நம்ம ஊர்ல பாம்பு பழி வாங்கும்னு சொல்றாங்க, அப்போ ஞாபக சக்தி இருந்தா அன்பையும் ஞாபகம் வெச்சுக்கணும்ல?

பாம்புக்கு பழி வாங்கற எண்ணம் கிடையாது. பழி வாங்கணும்னா இவன்தான் செஞ்சான், வேணும்னே செஞ்சான், பதிலுக்கு செய்யணும்னு ஒரு பெரிய கதையே மனசுல ஓடணும், அதுக்கான கட்டமைப்பு அதோட மூளையில இல்ல. பழி வாங்கும்னு பயப்படறதும் உயிரா நேசிக்கும்னு நம்பறதும் என்னைப் பொறுத்தவரை ஒரே இடத்துல இருந்து வர்றதுதான், மனுஷ மனச எடுத்து பாம்புக்குள்ள வெச்சு பாக்கறோம். முதல் நம்பிக்கையால வீட்டுப்பக்கம் வந்த சாரைப்பாம்ப விடாம தேடிப் புடிச்சு அடிச்சுக் கொல்றாங்க, ரெண்டாவதால அழகா இருக்குன்னு வாங்கி, கொஞ்ச மாட்டேங்குதேன்னு ஆறு மாசத்துல வித்துடறாங்க. ரெண்டுலயும் அடிபடறது பாம்புதான். கெட்ட அனுபவத்த அது ஞாபகம் வெச்சுக்கும், ஆனா அது பயமாத்தான் இருக்கும், கோவமா இல்ல.

கையில எடுக்கறதே பாம்புக்கு கொடுமையா?

முறையா எடுத்தா இல்லன்னுதான் சொல்வேன். 1993ல பால் பைத்தான வெச்சு ஒரு ஆராய்ச்சி நடந்துச்சு, மெதுவா கொஞ்ச நேரம் கையில வெச்சிருந்த பாம்புங்க ரத்தத்துல மன அழுத்த ஹார்மோன் குறிப்பிடும்படி ஏறல, ஆனா சின்ன டப்பாவுக்குள்ள அடைச்சு வெச்சதுக்கு ஏறிடுச்சு. எனக்கு இது ரொம்ப முக்கியமா படுது, ஏன்னா கையில எடுக்கறத பத்தி அவ்வளவு யோசிக்கறவங்க டப்பா சைஸ் கூண்டுல காலம் பூரா வெச்சிருக்கறத பத்தி யோசிக்கறதில்ல.

ஆனா பாம்புக்கு கையில இருக்கறது தேவையும் இல்ல. எடுக்கலன்னா வருத்தப்படாது. கையில பழக்கறதோட உண்மையான பலன் என்னன்னா, கூண்டு சுத்தம் பண்ணும்போதும், டாக்டர் கிட்ட கொண்டு போகும்போதும், வாய்ல புண்ணு இருக்கா செதில்ல உண்ணி இருக்கான்னு பாக்கும்போதும் அது பயந்து சாகாது.

எந்தப் பாம்பு கைக்கு நல்லா பழகும்?

கார்ன் ஸ்நேக் தான் என் முதல் சாய்ஸ். அமெரிக்காவோட தென்கிழக்குப் பகுதி, மூணுல இருந்து அஞ்சு அடி, துறுதுறுன்னு இருக்கும், கையில ஓரிடத்துல நிக்காது, ஆனா கடிக்கறது ரொம்ப அபூர்வம். பால் பைத்தான் மேற்கு ஆப்பிரிக்கா, கானா டோகோ பெனின் பக்கம், பயந்தா பந்து மாதிரி சுருண்டு தலைய நடுவுல ஒளிச்சுக்கும், நிதானமான ஆளு. கிங் ஸ்நேக் அழகு, ஆனா சாப்பாட்டு வெறி ஜாஸ்தி, விரல கூட எலின்னு நெனச்சு கவ்வும். ஹாக்நோஸ் சின்னது, கழுத்த தட்டையா விரிச்சு புஸ்ஸு புஸ்ஸுன்னு சீறி பெரிய நாடகம் போடும், முடியலன்னா செத்த மாதிரி மல்லாந்து படுத்துடும். அதுக்கு பின் பல்லுல லேசான விஷம் உண்டு, சிலருக்கு கை நல்லா வீங்கும், அதனால முதல் பாம்பா நான் சொல்ல மாட்டேன். பர்மீஸ் பைத்தான், ரெட்டிகுலேட்டட் பைத்தான் மாதிரி பெரிய மலைப்பாம்பெல்லாம் வீட்டுல வேண்டாம்னே சொல்வேன், எட்டு பத்து அடி தாண்டினா ஒரு ஆள் தனியா கையாளவே கூடாது.

வாங்கும்போது கேப்டிவ் பிரெட், அதாவது கூண்டுல பொறந்து வளந்ததான்னு கேட்டு வாங்குங்க. காட்டுல புடிச்சது ஒட்டுண்ணியோட வரும், பழகறதும் ரொம்ப கஷ்டம்.

புதுசா வாங்கியிருக்கேன், எப்போ எடுக்கலாம், எப்படி எடுக்கணும்?

முதல் ஒரு வாரம் ரெண்டு வாரம் தொடவே தொடாதீங்க. தண்ணி மாத்துங்க, கழிவு இருந்தா எடுங்க, கதவ மூடுங்க, அவ்வளவுதான். சொந்தக்காரங்கள கூப்பிட்டு காட்டறது, கண்ணாடிய தட்டறது எதுவும் வேண்டாம். சூடான பக்கம் ஒண்ணு, குளிர்ந்த பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு ஒளியற இடம் இருக்கணும், ஏன்னா ஒண்ணுதான் இருந்தா அது சூடா பாதுகாப்பான்னு தேர்ந்தெடுக்க வேண்டி வரும், ஒளிய இடம் இல்லாத பாம்பு எந்த காலத்துலயும் பழகாது. ஒழுங்கா ரெண்டு மூணு தடவை சாப்பிட்ட பிறகுதான் கை வெக்கணும்.

எடுக்கும்போது மேல இருந்து கை இறங்கக் கூடாது, மேல இருந்து வர்றதெல்லாம் அதுக்கு பருந்து. பக்கவாட்டுல இருந்து மெதுவா கைய கொண்டு போய், முதல்ல ஸ்நேக் ஹுக்காலயோ (பாம்ப தூக்கற கொக்கிக் கம்பி) ஒரு பேப்பர் சுருளாலயோ உடம்புல லேசா தடவுங்க, இது சாப்பாடு இல்ல, எடுக்கப் போறோம்னு அதுக்கு ஒரு சிக்னல். இத தொடர்ந்து செஞ்சா சீக்கிரமே புரிஞ்சுக்கும். அப்புறம் நடு உடம்புக்கு அடியில ஒரு கை, பின்பக்கம் ஒரு கை, தாங்கற மாதிரி எடுங்க. தலைய புடிக்காதீங்க, வாலப் புடிச்சு தூக்காதீங்க. எடுக்கற முடிவு பண்ணிட்டா தயங்கி தயங்கி கைய நீட்டி இழுத்து விளையாடக் கூடாது, அந்த நடுக்கம்தான் அத ரொம்ப பயமுறுத்தும்.

தரையிலயோ கட்டில்லயோ உக்காந்துக்கிட்டு செய்யுங்க, விழுந்தாலும் அடிபடாது. விரல்கள இறுக்காம மரக்கிளை மாதிரி வெச்சா அது அதுபாட்டுக்கு ஒரு கையில இருந்து அடுத்த கைக்கு போயிட்டே இருக்கும். ஆரம்பத்துல அஞ்சு நிமிஷம் போதும், பழகின பிறகு பத்து பதினஞ்சு. வாரத்துக்கு ரெண்டு தடவை தாராளம், தினமும் எடுத்தா சீக்கிரம் பழகும்னு சொல்றத நான் ஒத்துக்கல, அது சில பாம்புங்களுக்கு சாப்பாட்டையே நிறுத்தி விட்டுடும். திரும்ப விடறத அது அமைதியா இருக்கற நேரத்துல விடுங்க, சீறினவுடனே டக்குன்னு விட்டா சீறினா விட்டுடுவாங்கன்னு கத்துக்கும்.

குட்டியா இருக்கும்போது எல்லாமே கொஞ்சம் பயந்தாங்கொள்ளியாத்தான் இருக்கும், விரல் அளவு உடம்புக்கு உலகமே எதிரி. வளர வளர அடங்கும்.

அதுக்கு புடிக்கலன்னு எப்படி கண்டுபுடிக்கறது?

கழுத்த எஸ் மாதிரி வளைச்சு பின்னால இழுத்து வெச்சா அடிக்க ரெடி. சீறல், கார்ன் ஸ்நேக்னா வால் நுனிய படபடன்னு ஆட்டறது, வால் பக்கத்துல இருந்து நாறற திரவத்த பீச்சறது, எல்லாம் என்னை விடுன்னு சொல்றதுதான். வெட்டி வெட்டி வேகமா ஓடப் பாக்கறதும் அதேதான்.

எல்லாரும் ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு. பால் பைத்தான் அசையாம இருந்தா ஐ எவ்வளவு சமத்துன்னு போட்டோ எடுப்பாங்க, ஆனா அசையாம இருக்கறது எல்லாம் அமைதி இல்ல. பயத்துல உறைஞ்சு போன பாம்பும் அசையாது. வித்தியாசம் எங்க தெரியும்னா நாக்குலயும் தசையிலயும்தான். நிம்மதியா இருக்கற பாம்பு அப்பப்போ நிதானமா நாக்கை நீட்டும், உடம்பு கையில கனமா தளர்வா தொங்கும், மூச்சு சீரா ஏறி இறங்கும். பயந்த பாம்பு நாக்கே நீட்டாது, உடம்பு பூரா விறைப்பா இருக்கும், தலைய உள்ள இழுத்து வெச்சிருக்கும், மூச்சு பக்கவாட்டுல வேகமா தெரியும், தலைக்குப் பின்னால லேசா தொட்டா வெடுக்குன்னு துள்ளும். கல்யாண வீடு, பள்ளிக்கூட விழான்னு பத்து பேர் கை மாறி மாறி போற பைத்தானுங்கள பாக்கும்போது எனக்கு வயிறு கலங்கும், அதுல பாதி இந்த மாதிரி உறைஞ்சு போனதாத்தான் இருக்கும்.

பழகின பாம்பு திடீர்னு கடிச்சிடுச்சு, ஏன்?

பெரும்பாலும் எலி வாசனை. நீங்க ஹாம்ஸ்டர தொட்டுட்டு வந்திருப்பீங்க, இல்ல உறைஞ்ச எலிய வெந்நீர்ல இளக்கின கையோட அப்படியே உள்ள விட்டிருப்பீங்க. சாப்பாட்டுக்காக கடிச்சா கவ்வி புடிச்சு சுத்திக்கும், பயத்துல கடிச்சா டப்புன்னு தொட்டுட்டு விட்டுடும், அது முள்ளு கீறின மாதிரி இருக்கும், அவ்வளவுதான். கவ்விடுச்சுன்னா இழுக்காதீங்க, பல்லு உள்பக்கமா வளைஞ்சது, இழுத்தா உங்க தோலும் கிழியும் அதோட பல்லும் உடையும். பச்சத்தண்ணி குழாய்க்கு கீழ காட்டினா விட்டுடும். அப்புறம் சோப்பு போட்டு கழுவுங்க, ஆழமா இருந்தா டாக்டர பாருங்க, டெட்டனஸ் ஊசி பழசாயிருந்தா போட்டுக்குங்க.

சாப்பாட்டுக்கு நீளமான இடுக்கி வெச்சுக்குங்க. கூண்டுக்குள்ளயே சாப்பாடு போட்டா கைய பாத்தாலே கடிக்கும், தனி டப்பாவுல மாத்தி போடுன்னு பழைய புத்தகங்கள்ல இருக்கும், தேவையே இல்ல, சாப்பிட்ட வயித்தோட தூக்கி மாத்தினா கக்கிடற ஆபத்துதான் ஜாஸ்தி.

எப்பவெல்லாம் தொடவே கூடாது?

சாப்பிட்டு 48 மணி நேரம், பெரிய எலியா இருந்தா இன்னும் கூட. தோல் உரிக்கறதுக்கு முன்னாடி கண்ணு நீலமா பால் படிஞ்ச மாதிரி ஆகும், அப்போ அதுக்கு சரியா கண்ணும் தெரியாது, தோலும் கூசும், உரிச்சு முடியற வரைக்கும் விட்டுடுங்க. முட்டை வெச்சிருந்தா, உடம்பு சரியில்லன்னா, வீடு மாத்தின புதுசுலயும் அப்படித்தான்.

என் பால் பைத்தான் ரெண்டு மாசமா சாப்பிடல, என் மேல கோவமா?

இல்லவே இல்ல. பால் பைத்தான் குளிர்காலத்துல, அதுலயும் ஆண் பாம்பு இனப்பெருக்க சீசன்ல, மாசக்கணக்கா சாப்பிடாம இருக்கறது சகஜம். முதல்ல தெர்மாமீட்டர் வெச்சு ரெண்டு பக்க சூட்டையும் பாருங்க, ஒளியற இடம் இருக்கா பாருங்க, கையில எடுக்கறத கொஞ்ச நாள் நிறுத்துங்க. வாராவாரம் எடை போட்டு எழுதி வையுங்க, எடை சரசரன்னு குறைஞ்சாலோ மூச்சு விடும்போது விசில் சத்தம் வந்தாலோ ஊர்வன பாக்கற டாக்டர் கிட்ட உடனே போகணும்.

பேர் சொல்லி கூப்பிட்டா வருமா? காது கேக்குமா?

பேர் தெரியாது. காது மடலும் ஓட்டையும் இல்ல, ஆனா உள்காது இருக்கு, தாடை எலும்பு வழியா தரை அதிர்வு போய் சேரும். காத்துல வர்ற சத்தத்துக்கும் பாம்பு அசையுதுன்னு 2023ல ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துக்காரங்க காட்டினாங்க, அதனால முழுச் செவிடுன்னு சொல்றது சரியில்ல. நம்ம ஊர் மகுடிக்கு நாகம் ஆடறது இசைக்கு இல்ல, முன்னால ஆடற குழல எதிரியா பாத்து அத விட்டு கண்ண எடுக்காம இருக்கறது.

தனியா இருக்கே பாவம், துணைக்கு இன்னொண்ணு விடலாமா?

வேண்டாம். ஒரே கூண்டுல ரெண்டு இருந்தா ஒண்ணு மேல ஒண்ணு படுத்திருக்கறத பாத்து கொஞ்சுதுன்னு நெனைப்பீங்க, உண்மையில சூடான இடத்துக்கு போட்டி. கிங் ஸ்நேக்னா கூட இருக்கறதையே தின்னுடும்.

வீட்ல சின்னக் குழந்தை இருக்கு, பாம்பு வளக்கலாமா?

ஊர்வன எல்லாத்துக்கும் உடம்புல சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், பாம்பு பாக்க ஆரோக்கியமா இருந்தாலும். அஞ்சு வயசுக்கு கீழ இருக்கற குழந்தைங்க தொட வேண்டாம்னு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே சொல்லுது. பெரிய பசங்க பக்கத்துல நீங்க உக்காந்துக்கிட்டு தொடட்டும், முடிஞ்சதும் சோப்பு போட்டு கை கழுவணும், பாம்ப சமையல் மேடை பக்கம் கொண்டு போகக் கூடாது.

பெரிய மலைப்பாம்பு விஷயத்துல மட்டும் எந்த சமாதானமும் கிடையாது. 2013ல கனடாவுல கேம்பல்டன்ற ஊர்ல ஒரு ஆப்பிரிக்கன் ராக் பைத்தான் கூண்ட விட்டு தப்பி, தூங்கிட்டிருந்த ரெண்டு சின்னப் பசங்கள கொன்னுடுச்சு. பழகின பாம்புன்னு நம்பி பூட்டு போடாம இருக்காதீங்க, கார்ன் ஸ்நேக்கா இருந்தாலும் சின்ன இடுக்கு போதும் அதுக்கு.

தமிழ்நாட்டுல வளக்கலாமா? சாரைப்பாம்பு புடிச்சு பழக்கலாமா?

நம்ம நாட்டுப் பாம்பு எதையும் கூடவே கூடாது. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி சாரையோ மலைப்பாம்போ வீட்ல வெச்சிருந்தா கேஸ், ஜெயில் வரைக்கும் போகும். வடநெம்மேலியில 1978ல இருந்து நடக்கற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்துக்காரங்க கூட வனத்துறை அனுமதியோடதான் பாம்பு புடிக்கறாங்க, கொஞ்ச நாள் பானையில வெச்சு விஷம் எடுத்துட்டு திரும்ப காட்டுல விட்டுடுவாங்க. பாம்போட உடம்பு அசைவ அவங்க படிக்கற அளவுக்கு உலகத்துலயே கொஞ்ச பேர்தான் படிப்பாங்க, அவங்களே அத செல்லம் கொஞ்ச வெச்சுக்கறதில்ல.

பால் பைத்தான் மாதிரி வெளிநாட்டுப் பாம்பு சைட்ஸ்ங்கற (CITES) சர்வதேச வனவிலங்கு வர்த்தக ஒப்பந்தத்தோட ரெண்டாவது பட்டியல்ல வருது. இந்தியாவுல 2024ல வந்த விதிகள் படி அத வெச்சிருக்கறவங்க பரிவேஷ்ங்கற மத்திய அரசு இணையதளத்துல பதிவு பண்ணணும், எங்க இருந்து வந்ததுன்னு பேப்பர் வேணும். சென்னை ஏர்போர்ட்ல பாங்காக் ஃப்ளைட்ல வந்த பெட்டியில இருந்து பால் பைத்தானுங்கள புடிச்ச செய்தி எத்தனை தடவை வந்திருக்கு, துணிக்குள்ள முடிஞ்சு அடைச்சு கொண்டு வர்றது. பேப்பர் இல்லாம கம்மி விலைக்கு யாராவது வித்தா அது எந்தப் பெட்டியில வந்துச்சோன்னு யோசிங்க, வாங்காதீங்க. சிங்கப்பூர்ல இருக்கறவங்களுக்கு, அங்க பாம்பு வளக்கறதுக்கே அனுமதி இல்ல.

வேற ஒருத்தருக்கு குடுத்துட்டா என்னைத் தேடுமா?

உங்கள தேடாது, ஆனா தன்னோட எடத்த தேடும். வாசனை மாறும், சூடு மாறும், ஒளியற மூலை மாறும், அதுல சில வாரம் சாப்பிடாம கிடக்கும். இந்தக் கேள்விய வாங்கறதுக்கு முன்னாடியே கேக்கணும்ங்கறது என் கருத்து, ஏன்னா கார்ன் ஸ்நேக் 20 வருஷம், பால் பைத்தான் 30 வருஷம் கூட இருக்கும். அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் ஜூவுல 60 வயசு தாண்டின ஒரு பெண் பால் பைத்தான் 2020ல முட்டையே போட்டுச்சு.

குடுத்துத்தான் ஆகணும்னா கூண்டோட குடுங்க, முடியலன்னா அது படுக்கற ஒளியிடத்தையும், கொஞ்சம் பழைய படுக்கைத் தூளையும் கழுவாம அப்படியே குடுங்க, அதோட வாசனை அதுல இருக்கும். கடைசியா எப்போ சாப்பிட்டுச்சு, எந்த சைஸ் எலி, எப்போ தோல் உரிச்சுச்சு, எந்தப் பக்கமா கைய கொண்டு போனா பயப்படாதுங்கறத ஒரு பேப்பர்ல எழுதி குடுங்க. வாங்கறவங்க கிட்ட முதல் ரெண்டு வாரம் தொடாதீங்கன்னு கண்டிப்பா சொல்லுங்க.